சொல்லும் பொருளும்: ‘ஃபேர்’ என்பது நிறமா, அழகா, நீதியா?

கேள்வி: ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவி நான். ‘ஃபேர்’ என்ற சொல்லுக்கு அகராதியில் வெளிர்நிறம், அழகு, நியாயம், தெளிந்த வானிலை, சுமார், சந்தை என்று ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள் வரிசையாக உள்ளன. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் ஒரு பெண்ணை ‘ஃபேர்’ என்று அழைக்கும் இடங்களிலெல்லாம் ‘வெள்ளை நிறப் பெண்’ என்றே பொருள் எழுதிக்கொள்கிறோம். அது சரிதானா? இத்தனை பொருள்கள் ஒரு சொல்லுக்குள் எப்படி வந்து சேர்ந்தன?

பதில்: பெரும்பாலான இடங்களில் அது சரியன்று. ‘ஃபேர்’ என்னும் சொல்லின் மூத்த பொருள் அழகு என்பதே. மேனி நிறத்தைக் குறிக்கும் பொருள் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் ஏறத்தாழ ‘ஃபாயெர்’ என்று ஒலித்த இச்சொல், கண்ணுக்கு இனியது, மனத்துக்கு உவப்பானது என்ற பொருளில் மனிதருக்கும் மாளிகைக்கும் பொதுவாக வழங்கியது. பழைய ஆங்கிலக் காவியமான ‘பேவுல்ஃப்’ நூலில், கிரெண்டெல் என்னும் கொடிய உயிரோடு தலைவன் மல்லுக்கு நிற்கும் இரவில் அரசனின் மண்டபம் அதிர்கிறது. ஆயினும் அது தரையில் சாயாமல் நின்றது வியப்பே என்று சொல்லும் கவிஞர், அந்த மண்டபத்துக்குக் கொடுக்கும் அடைமொழி இதே சொல்தான். மரத்தால் எழுப்பி இரும்புப் பட்டைகளால் இறுக்கிய ஒரு கட்டடத்துக்கு மேனி நிறம் ஏது? அழகிய மண்டபம் என்பது தவிர அங்கே வேறு பொருள் கொள்ள இடமில்லை.

அழகு என்ற இந்த நிலத்திலிருந்துதான் மற்றப் பொருள்கள் கிளைத்தன. அழகு என்றால் குறையில்லாமை, மாசில்லாமை என்று ஒரு பக்கம் பொருள் விரிந்தது. முகில் மாசு இல்லாத வானம் ‘ஃபேர்’ ஆயிற்று. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய படி ‘ஃபேர் காப்பி’ ஆயிற்று. பழி படியாத பெயரும் ‘ஃபேர்’ ஆயிற்று. கப்பலைப் போகவேண்டிய திசையில் உந்தும் காற்றுக்கும் இச்சொல்லே வழங்கியது. கோல்ரிட்ஜின் முதிய மாலுமி பற்றிய நெடும்பாட்டின் திருத்திய பதிப்பில், கப்பல் அமைதியான கடலுக்குள் நுழையும்போது வீசும் இனிய காற்று ‘ஃபேர் பிரீஸ்’ என்றே வருகிறது. நடத்தையில் மாசில்லாமை என்ற வழியாகவே ஒருபக்கம் சாயாமை, நியாயம் என்னும் பொருளும் வந்தது. அது 14-ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்தது. மேனி நிறத்தையும் தலைமுடியையும் பற்றி, கருமைக்கு எதிரான வெளிர்மை என்ற பொருளில் இச்சொல்லை எழுதும் வழக்கமோ 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் தெளிவாகக் காணப்படுகிறது. நீதி என்ற பொருள் நிறம் என்ற பொருளைவிட மூத்தது என்பதை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வெளிர்நிறத்திலிருந்து அழகும், அழகிலிருந்து நியாயமும் பிறந்தன என்று சிலர் வரிசைப்படுத்துவதுண்டு. அந்த வரிசை தலைகீழானது.

முதல் எலிசபெத் ஆட்சி செய்த 1558 முதல் 1603 வரையிலான காலத்தில் உயர்குடிப் பெண்கள் ஈய வெள்ளையை முகத்தில் பூசி வெளிறிய தோற்றத்தைத் தேடினார்கள். வெயிலில் உழைக்கத் தேவையில்லாதவர் என்பதன் அடையாளமாகவும் அந்த வெண்மை இருந்தது. ஒரு காலம் எதை அழகென்று கொள்கிறதோ அதன் நிறம், அழகைக் குறிக்கும் சொல்லின் மேல் படிந்துவிடுகிறது. ஷேக்ஸ்பியர் எழுதத் தொடங்கியபோது இந்தப் படிவு நடந்துகொண்டிருந்தது. ஆகவே அவர் கையில் இருந்தது அழகு, நிறம், நேர்மை மூன்றும் ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஒரு சொல். அந்த மூன்றையும் தேவைக்கேற்பப் பிரித்தும் கலந்தும் அவர் ஆண்டதுதான் நாம் படித்துச் சுவைக்க வேண்டிய இடம்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் அந்நியமான எதுவும் இல்லை. நம்மிடம் ‘செம்மை’ இருக்கிறது. செவ்வானத்தில் அது சிவப்பு. செங்கோலில் அது நேர்மை. செந்தமிழில் அது திருத்தம். மாநிறத்துக்கு மேற்பட்ட மேனியைப் பேச்சில் ‘சிவப்பு’ என்று சொல்வதும் இதே வேரிலிருந்துதான். இவற்றை நாம் குழப்பிக்கொள்வதில்லை. ஏனென்றால், ஒவ்வொன்றுக்கும் எதிரே நிற்கும் சொல் நமக்குத் தெரியும். செங்கோலுக்கு எதிரே நிற்பது வளைந்த கோலாகிய கொடுங்கோல். ஆகவே அங்கே செம்மை என்பது நிமிர்வு. செந்நெல்லுக்கு எதிரே நிற்பது வெண்ணெல். ஆகவே அங்கே அது நிறம். ‘ஃபேர்’ என்ற சொல்லுக்கும் இதே உரைகல்லைப் பயன்படுத்தலாம். அருகிலோ அடுத்த அடியிலோ ‘ஃபவுல்’ என்ற சொல் நின்றால், அழகுக்கு எதிரான அருவருப்போ முறைக்கு எதிரான முறைகேடோ பேசப்படுகிறது. ‘பிளாக்’, ‘டார்க்’ என்று நின்றால் நிறம் உள்ளே வந்துவிட்டது. எதிர்ச்சொல்லைத் தேடாமல் பொருள் எழுதாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் ‘மேக்பெத்’ நாடகத் தொடக்கத்தில் சூனியக்காரிகள் சொல்லும் ‘ஃபேர் இஸ் ஃபவுல்’ என்ற வரிக்கு எந்தப் பொருளை எடுத்துக்கொள்வது?

பதில்: அங்கே எதிர்ச்சொல் அதே அடியில் இருப்பதால் நிறத்துக்கு இடமில்லை. ‘நல்லது தீயது, தீயது நல்லது’ என்றும், ‘அழகே அருவருப்பு, அருவருப்பே அழகு’ என்றும் இரண்டு விதமாகவும் தமிழில் சொல்லலாம்; அந்த வரி இரண்டையும் தாங்கும். கவனிக்க வேண்டியது இன்னொன்று. மேக்பெத் மேடைக்கு வந்ததும் வாய்திறந்து சொல்லும் முதல் வரி, இப்படி ‘ஃபவுல்’ ஆகவும் ‘ஃபேர்’ ஆகவும் இருக்கும் ஒரு நாளை நான் கண்டதில்லை என்பது. அவன் பேசுவது மூடுபனியும் இடியுமாக இருக்கும் வானிலையையும், தான் பெற்ற வெற்றியையும் பற்றி. சூனியக்காரிகள் பேசியது நன்மை தீமை என்ற எல்லைகளே கலைந்துபோவது பற்றி. சொற்கள் அவையே, பொருள் வேறு. அவர்களை இன்னும் சந்திக்காத ஒருவனின் நாவில் அவர்களுடைய சொற்கள் ஏற்கெனவே ஏறிவிட்டன என்பதைப் பார்ப்பவர் மட்டும் உணர்கிறார். முதல் அங்கத்தின் இறுதியில் மேக்பெத் மனைவியிடம், ‘ஃபேரஸ்ட் ஷோ’ காட்டி உலகை ஏமாற்றுவோம், பொய் நெஞ்சம் அறிந்ததைப் பொய் முகம் மறைக்கட்டும் என்கிறான். அந்த இடத்துக்கு வரும்போது, அழகு என்ற பொருளே வேடம் என்ற பொருளாகக் கறுத்துவிடுகிறது. ஒரே சொல் மூன்று நிறுத்தங்களில் கதையின் சரிவை முழுதாகக் காட்டிவிடுகிறது. நாடகத்தை மேடையில் பார்ப்பவரைவிட நூலாக மெதுவாகப் படிப்பவருக்கு இது நன்றாகப் பிடிபடும்.

கேள்வி: ‘ஃபேர்’ என்பது நிறம் இல்லை, அழகுதான் என்பதற்கு ஷேக்ஸ்பியரிடமிருந்தே ஓர் உறுதியான சான்று காட்ட முடியுமா?

பதில்: முடியும். ‘எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ நாடகத்தின் முதல் காட்சியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஹெர்மியா தன் தோழியை ‘ஃபேர் ஹெலெனா’ என்று அழைத்து, எங்கே போகிறாய் என்று கேட்கிறாள். தான் விரும்பும் டெமெட்ரியஸ் ஹெர்மியாவை விரும்புகிறானே என்ற வேதனையில் இருக்கும் ஹெலெனாவுக்கு அந்த அடைமொழியே சுடுகிறது. அவள் மறுமொழியின் முதல் இரண்டு அடிகளில் இச்சொல் நான்கு முறை வருகிறது. தமிழில் அதை இப்படி விரிக்கலாம்: “என்னையா அழகி என்றாய்? அந்த ‘அழகி’யைத் திரும்ப எடுத்துக்கொள். டெமெட்ரியஸ் காதலிப்பது உன் அழகை, கொடுத்துவைத்த அழகியே!” முதலில் அது அடைமொழி, இரண்டாவது இடத்தில் வாயிலிருந்து வந்த வெறும் சொல், மூன்றாவதில் அழகு என்னும் பண்புப்பெயர், நான்காவதில் அழகுடைய பெண். இலக்கணப் பாடம் நடத்தவேண்டிய ஒன்றைப் பொறாமையில் வெந்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் மூச்சுக்குள் அடக்கிவிட்டார்.

இனி நிறத்துக்கு வருவோம். இதே நாடகத்தில் பின்னால் லைசாண்டர் மந்திரச் சாற்றின் மயக்கத்தில் ஹெர்மியாவைக் கைவிடும்போது, புறாவுக்காக அண்டங்காக்கையை யார்தான் மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்கிறான். அவளை நேரில் எத்தியோப்பியப் பெண் என்றும், பழுப்புநிறத் தார்த்தாரியப் பெண் என்றும் ஏசுகிறான். அதாவது, இருவரில் கருத்தவள் ஹெர்மியா. அந்தக் கருத்தவளின் ‘ஃபேர்’தான் டெமெட்ரியஸைக் கவர்ந்தது என்று ஹெலெனா சொல்கிறாள். அந்த முதல் காட்சியின் முடிவில், ஏதென்ஸ் முழுவதும் என்னையும் அவளுக்கு இணையான ‘ஃபேர்’ என்றுதான் எண்ணுகிறது என்றும் சொல்லிக்கொள்கிறாள். நிறம் என்று பொருள் கொண்டால் இந்த இரண்டு வரிகளும் பொருளற்றுப் போகும். அழகு என்று கொண்டால் அவள் துயரம் முழுதாக விளங்கும்.

1609-ல் அச்சான ஷேக்ஸ்பியரின் சானெட்டுகள் என்னும் பதினான்கடிப் பாட்டுகளிலும் இந்தப் பிரிவினையைப் பார்க்கலாம். 18-ஆம் பாட்டில் எல்லா ‘ஃபேர்’களும் ஒருநாள் தம் ‘ஃபேர்’இலிருந்து சரிகின்றன என்று வரும் அடியில், முன்னது அழகிய பொருள், பின்னது அதன் அழகு. அங்கே எதிர்ச்சொல் ஏதும் இல்லை, நிறமும் இல்லை. 127-ஆம் பாட்டுக்கு வந்தால், பழங்காலத்தில் கருமை ‘ஃபேர்’ என்று எண்ணப்படவில்லை என்று எடுத்த எடுப்பிலேயே எதிர்ச்சொல்லைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். இப்போது சொல்லுக்குள் அழகும் வெண்மையும் இரண்டுமே இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்திருந்த முடிச்சை அவிழ்ப்பதே அந்தப் பாட்டின் வேலை. முகப்பூச்சால் எவரும் வெண்மையை வாங்கிக்கொள்ளும் காலத்தில் அழகின் பெயருக்குக் கருவிழிப் பெண்ணே உரிமையாளர் ஆகிறாள் என்று அது வாதாடுகிறது. 147-ஆம் பாட்டில், உன்னை ‘ஃபேர்’ என்று சத்தியம் செய்தேனே, நீயோ நரகம்போல் கருமை என்னும்போது அந்தக் கருமை நடத்தையின் கருமை. ஆகவே ‘ஃபேர்’ என்பதும் அங்கே நேர்மையை நோக்கிச் சாய்கிறது. ஒரே புலவர், ஒரே தொகுப்பு. ஆயினும் மூன்று இடத்திலும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டால் மூன்று பாட்டும் கெடும்.

‘ஒத்தெல்லோ’ நாடகத்தில்தான் இந்தச் சொல் மிகவும் வலிக்கும் இடத்துக்குப் போகிறது. மகள் டெஸ்டிமோனாவைக் கருநிறத்தவனான ஒத்தெல்லோவிடம் இழந்துவிட்டதாகக் குமுறும் தந்தையிடம் வெனிஸின் தலைவர், நற்பண்பிலே அழகு உண்டென்றால் உன் மருமகன் கருமையைவிட ‘ஃபேர்’ மிகுந்தவன் என்கிறார். அது பாராட்டாகச் சொல்லப்படுவது. ஆனால், கருமை ஒருபக்கமும் ‘ஃபேர்’ மறுபக்கமும் தட்டில் வைக்கப்பட்டுவிட்டன. ஒத்தெல்லோவைப் புகழ்வதற்கும் அவன் நிறத்தை ஒரு குறையாக ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டியிருக்கிறது. பின்னர் அவனே டெஸ்டிமோனாவை ‘ஃபேர் வாரியர்’ என்று கொஞ்சுகிறான். ஐயம் புகுந்தபின் ‘ஃபேர் டெவில்’ என்கிறான். இந்த ‘ஃபேர்’ தாளா இழிசொல் எழுதுவதற்கென்று செய்யப்பட்டது என்று கதறுகிறான். எழுத்து ஏதும் விழாத வெள்ளைத் தாள், மாசுபடாத பெண், அழகிய முகம் ஆகிய மூன்றும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. இங்கே நிறத்தை விலக்கிவிட்டுப் படிப்பதும் தவறு. ‘ஃபேர்’ என்றால் எப்போதும் வெண்மை என்பது எவ்வளவு பிழையோ, ஒருபோதும் வெண்மை இல்லை என்பதும் அவ்வளவு பிழை.

கேள்வி: தமிழில் மொழிபெயர்க்கும்போது என்ன செய்வது? விவிலியத்தில் இச்சொல்லை எப்படிக் கையாண்டிருக்கிறார்கள்?

பதில்: விவிலியத்தின் உன்னதப்பாட்டு இதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு. 1611-ல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் முதல் அதிகாரத்தின் 5-ஆம் வசனத்தில் தலைவி, தான் கறுப்பானவள் ஆயினும் அழகானவள் என்று எருசலேமின் குமாரத்திகளிடம் சொல்கிறாள். அதே அதிகாரத்தின் 8-ஆம் வசனத்தில் அவள் பெண்களிலேயே மிக ‘ஃபேர்’ ஆனவள் என்று விளிக்கப்படுகிறாள். 15-ஆம் வசனத்தில் காதலன் அவளை இரண்டு முறை ‘ஃபேர்’ என்கிறான். வெயில் பட்டுக் கறுத்தேன் என்று அவளே சொன்ன பிறகு வருகிற ‘ஃபேர்’ நிறமாக இருக்க முடியாது. தமிழ் விவிலியத்தில் அந்த இடத்தில் ‘ரூபவதி’ என்று போட்டவர்கள் சொல்லின் உயிரைப் பிடித்துவிட்டார்கள். வடமொழிச் சொல்தானே என்று அதைக் குறைசொல்வோர் இருக்கலாம். பொருளில் அது துல்லியமானது.

பனிவெண்மைச் சிறுமியின் கதையில் மந்திரக் கண்ணாடியிடம் அரசி கேட்கும் கேள்வியும் அப்படித்தான். கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட ஜெர்மன் மூலத்தில் அரசி கேட்பது ‘நாட்டிலேயே மிக அழகானவள் யார்’ என்பது. அங்கே இருக்கும் சொல்லுக்கு அழகு என்ற பொருள் மட்டுமே உண்டு. ஆங்கிலத்தில் அது ‘ஃபேரஸ்ட்’ ஆனதும், சிறுமியின் பெயரிலும் பனி இருப்பதால், வெளுப்புக்கான போட்டியாக அதை வாசிப்பவர்கள் வந்துவிட்டார்கள். குழந்தைகளுக்கு இந்தக் கதையைத் தமிழில் சொல்வோர் ‘அழகி’ என்று சொல்வதே மூலத்துக்கும் உண்மையாகும், கேட்கும் குழந்தைக்கும் நன்மையாகும். மையோ மரகதமோ மறிகடலோ மழைமுகிலோ என்று கருமையின் சாயல்களையெல்லாம் அடுக்கி, அழியா அழகு என்று முடித்த கம்பனின் மொழியில் இதைச் சொல்வதற்கு நாம் தயங்க வேண்டியதில்லை.

நீதி என்ற பொருளில் வரும்போது ‘நியாயம்’ பல இடங்களில் போதும். நியாயமான விலை, நியாயமான கூலி என்பவை வழக்கில் நிலைத்துவிட்டன. வழக்கு விசாரணையைச் சொல்லும்போது ‘நேர்மையான விசாரணை’ பொருந்தும். மெய்யியலில் ஜான் ரால்ஸ் 1958-ல் எழுதிய கட்டுரையிலும், அதன் விரிவாக 1971-ல் வெளிவந்த நூலிலும், நீதியை ‘ஃபேர்னெஸ்’ என்னும் கருத்தால் விளக்குகிறார். பிறப்பு, செல்வம், திறமை ஆகியவற்றில் தனக்கு எது வாய்க்கும் என்று அறியாத நிலையில் மனிதர்கள் ஒப்புக்கொள்ளும் விதிகளே நீதியானவை என்பது அவர் வாதத்தின் சாரம். அங்கே நீதி, நியாயம் என்று இரண்டு சொற்களையும் அடுத்தடுத்துப் போட்டால் வேறுபாடு விளங்காது. ‘நடுவுநிலைமை’ அல்லது ‘செப்பம்’ என்பதே என் தேர்வு. சொற்கோட்டம் இல்லது செப்பம் என்று குறள் சொல்லும்போது அந்தச் சொல்லுக்குள் இருப்பது நாம் மேலே பார்த்த அதே செம்மை. அதற்கு முந்தைய குறளிலோ, துலாக்கோல்போல் ஒருபால் கோடாமை சான்றோர்க்கு ‘அணி’ என்கிறார் வள்ளுவர். அழகையும் சாயாமையையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பது ஆங்கிலச் சொல்லுக்கு மட்டும் நேர்ந்த தற்செயல் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கேள்வி: புத்தகச் சந்தையைக் குறிக்கும் ‘ஃபேர்’, பயணக் கட்டணத்தைக் குறிக்கும் ‘ஃபேர்’, தேவதையைக் குறிக்கும் ‘ஃபேரி’ ஆகியவை இதே சொல்லின் கிளைகளா?

பதில்: இல்லை. சந்தையைக் குறிப்பது, திருவிழா நாளைச் சுட்டும் இலத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. எழுத்தும் ஒலியும் மட்டும் தற்செயலாக ஒன்றிவிட்டன. ஜான் பனியன் 1678-ல் எழுதிய ஆன்மிகப் பயணக் கதையில் வரும் ‘வேனிட்டி ஃபேர்’ உலக மாயைகள் விற்கும் சந்தை. தாக்கரே 1847-ல் தொடராக எழுதத் தொடங்கிய நாவலுக்கு அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார். கட்டணத்தைக் குறிப்பது பயணம் செய்தல் என்னும் பழைய வினையிலிருந்து வந்தது; ஆங்கிலத்தில் அதன் எழுத்தும் வேறு. தேவதையின் பெயர் விதியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது.

கேள்வி: மதிப்பெண் அறிக்கையில் ‘ஃபேர்’ என்றால் சுமார் என்கிறார்கள், ‘எ ஃபேர் அமௌண்ட்’ என்றால் கணிசமான தொகை என்கிறார்கள். ஒரே சொல் குறைவையும் மிகுதியையும் எப்படிக் குறிக்கும்?

பதில்: இரண்டும் ‘ஏற்றுக்கொள்ளத்தக்கது’ என்ற ஒரே பொருளிலிருந்து பிரிந்தவை. தரத்தைப் பற்றிச் சொல்லும்போது, குறைசொல்ல முடியாது ஆனால் புகழவும் முடியாது என்ற இடத்தில் அது நின்றுவிடுகிறது. நன்று, மிக நன்று என்ற படிகள் அதற்கு மேலே இருப்பதால் சுமார் ஆகிவிடுகிறது. அளவைப் பற்றிச் சொல்லும்போது மேலே படிகள் இல்லை. போதுமென்று ஏற்கத்தக்க அளவு என்பது கணிசமான அளவாகிறது. இதிலிருந்து வந்த ‘ஃபேர்லி’ என்ற சொல்லை எழுதும்போது ஒரு நுட்பத்தைப் பேணுங்கள். தண்ணீர் ‘ஃபேர்லி’ சூடாக இருக்கிறது என்றால் சொல்பவருக்கு அந்தச் சூடு உவப்பானது. ‘ராதர்’ சூடாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் அது அவருக்கு வேண்டியதைவிடக் கூடுதல்.

கேள்வி: காதலிலும் போரிலும் எல்லாம் ‘ஃபேர்’ என்ற பழமொழியில் வருவது எந்தப் பொருள்?

பதில்: அழகு அன்று. விதிக்கு உட்பட்டது, செய்யத் தடையில்லாதது என்ற பொருள். வேட்டைச் சட்டம் தடுக்காத விலங்கை ‘ஃபேர் கேம்’ என்று சொல்வதும் இதே பொருளில்தான். பிற்காலத்தில் எவரும் தாக்கிப் பேசலாம் என்று விட்டுவிடப்பட்ட மனிதரையும் அத்தொடர் குறிக்கலாயிற்று. ஆகவே அந்தப் பழமொழியை ‘காதலிலும் போரிலும் எதுவும் முறையே’ என்று எழுதுங்கள். 1697-ல் டிரைடன் எழுதிய பாட்டில் வீரருக்கே ‘ஃபேர்’ உரியது என்று திரும்பத் திரும்ப வரும் அடியோடு இதைச் சிலர் இணைத்துவிடுகிறார்கள். அங்கே அச்சொல் பெயர்ச்சொல். அலெக்சாந்தரின் அருகில் அமர்ந்திருக்கும் தாயிஸ் என்னும் அழகியை அது சுட்டுகிறது.